மிச்சத்துக்கு முதலாளியம்மா

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை எல்லா அடுப்படியும் ஒரே வாசம்தான் அடிக்கும். சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனிகளில் வாரச் சம்பளம், ஞாயிறு விடிந்ததும் கறிக்கடையில் கூட்டம். யார் வீட்டில் கைப்பக்குவம் இருக்கிறது என்று அன்றைக்குக் கண்டுபிடிக்க முடியாது. அரைக் கிலோ வெள்ளாட்டுக் கறியும் ஒரு கை சின்ன வெங்காயமும் இருந்தால் யார் ஆக்கினாலும் ஓரளவுக்கு நன்றாகத்தான் வரும். பரீட்சை திங்கட்கிழமை மத்தியானம். கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்து, கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறார்களே, அப்போதுதான் தெரியும், எந்த வீட்டில் சமையல்காரி இருக்கிறாள், எந்த வீட்டில் முதலாளியம்மா இருக்கிறாள் என்று.

முதலாளியம்மா என்றதும் பெரிய கேட்டையும் வெள்ளைக் காரையும் நினைக்க வேண்டாம். கேட் வைத்த வீட்டிலும் இருப்பாள், லைன் வீட்டு ஒற்றை அறையில் ஓவர்லாக் டெய்லருக்கு அம்மாவாகவும் இருப்பாள். மிச்சம் என்கிற ஒரே இலாகாவுக்கு அவள் முதலாளி. அந்த இலாகாவில் புருஷன், மகன், ஆடிட்டர் எவனும் தலையிட முடியாது.

அவளுடைய வாரத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஞாயிறு மத்தியானம் தண்ணிக் குழம்பு. ஒறம்பரைக்குக் கறியை அள்ளிப் போடும்போதே அவள் கரண்டி ஒரு நொடி தயங்கும். அது கஞ்சத்தனம் இல்லை, அடுத்த நாளுக்கான ஒதுக்கீடு. ராத்திரி அந்தக் குழம்பு ஒரு கொதி. திங்கட்கிழமை காலை இன்னொரு கொதியில் பாதியாகச் சுண்டித் தோசைக்கு வரும். மத்தியானம் வடச்சட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மசாலாவில் சோற்றைக் கொட்டிப் பிரட்டினால் டிபன் பாக்ஸ். ராத்திரி அடியில் கிடக்கும் நாலு துண்டின் மேல் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினால் ஆள் மாறிப் புதுப் பலகாரம். செவ்வாய்க்கிழமை அந்த வீட்டில் கவுச்சி ஆகாது. ஆகையால் திங்கட்கிழமை நடுராத்திரிக்குள் சரக்கு வயிற்றுக்கு ஏறிவிட வேண்டும். கப்பல் தேதிக்குப் பயப்படுகிற ஊரில் இது ஒன்றுதான் தாமதமே ஆகாத ஷிப்மென்ட். விமானத்தில் ஏற்றி நஷ்டப்பட வேண்டிய அவசியம் இவளுக்கு வந்ததே இல்லை.

இந்தக் கணக்கு அவளுக்கு எங்கிருந்து வந்தது? 1980களில் ஓட்டு ஷெட்டில் இரண்டு மிஷின் போட்டுத் தொழில் ஆரம்பித்தவர்களின் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். பகலில் தோட்டம், ராத்திரி பிசிறு வெட்டுதல். தைத்த பனியனில் தொங்கும் நூல் நுனிகளைச் சின்னக் கத்திரியால் நறுக்கிக்கொண்டே ஊர் நியாயம் பேசுவார்கள். அப்போது கண்முன்னால் குவிந்த துண்டுத் துணி என்ன ஆகிறது என்று பார்த்துப் பழகியவள். நூறு கிலோ துணியை வெட்டினால், கழுத்துக்கும் கைக்கும் வளைகிற வளைவில் பத்து கிலோவுக்கு மேல் துண்டாக விழும். அது குப்பைக்குப் போவதில்லை. வெள்ளை தனி, கலர் தனி என்று பிரித்து, அடித்துப் பஞ்சாக்கி, ஓ.இ. (ஓபன் எண்ட்) மில்லில் மறுபடியும் நூலாக்குகிறார்கள். நூலுக்கும் ஆகாதது, லேத் பட்டறையில் எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட். பையர் வேண்டாமென்று கழித்த உருப்படி, லேபிள் வெட்டப்பட்டுக் காதர்பேட்டையில் குவியும். நூல் விலை மில்காரன் கையில், பீஸ் விலை பையர் கையில். நம் கையில் இருப்பது மிச்சம் ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டவர்கள்தான் இந்த ஊரில் நிலைத்திருக்கிறார்கள். அவள் அந்தப் பாடத்தைக் கம்பெனியிலிருந்து அடுப்படிக்குக் கொண்டுவந்தாளா, அடுப்படியிலிருந்து கம்பெனிக்குக் கொடுத்தாளா என்பது இன்னும் தீராத வழக்கு. என் தீர்ப்பு அடுப்படிக்குச் சாதகம்.

கெடா விருந்தில் அவளைப் பார்க்க வேண்டும். முனியப்பன் கோயிலில் பந்தி நடந்துகொண்டிருக்கும். அவள் இலையைப் பார்க்க மாட்டாள், அண்டாவைப் பார்ப்பாள். எத்தனை பந்தி பாக்கி, எத்தனை தலை, அண்டாவில் எவ்வளவு என்று மனதுக்குள் ஒரு கோடு ஓடும். கடைசிப் பந்தி எழுந்திருக்கும்போது எங்கிருந்தோ ஒரு தூக்குப்போசி அவள் கைக்கு வந்திருக்கும். வீட்டிலிருந்து எடுத்து வரவில்லை என்று சத்தியம் செய்வாள். “அடியில கொஞ்சூண்டு கெடக்குதுங், கொட்டறதுக்குக் கொண்டுபோறனுங்” என்பாள். அவள் கொட்டப்போகும் இடம் அவள் வீட்டு வடச்சட்டி என்பது சமையல்காரருக்கும் தெரியும், முனியப்பனுக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட ஒருத்தியின் வீட்டில்தான், ஒரு மார்கழி மாதம், புகை போட்ட வான்கோழி வந்து சேர்ந்தது. எந்த வீடு என்று கேட்காதீர்கள். சொன்னால் நாளைக்கு அந்தப் பக்கம் காபி கிடைக்காது.

மகன் அமெரிக்காவுக்கு ஆர்டர் பிடிக்கப் போனவன், ஆர்டரோடு ஓர் ஆசையையும் பிடித்துக்கொண்டு வந்தான். அங்கே நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை நன்றி சொல்லும் நாள். வீட்டுக்கு வீடு முழு வான்கோழி. சிலர் அதை அடுப்பில் வாட்டாமல் மூடிய பெட்டியில் விறகுப் புகையிலேயே மணிக்கணக்கில் வேக வைப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஜெர்மனியிலிருந்து பையர் வருகிறார், அவருக்கு இதைச் செய்துபோட்டு அசத்திவிட வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டான்.

பறவை கிடைப்பதில் சிரமம் இருக்கவில்லை. மூதுரையில் மயிலைப் பார்த்து ஆடி மானம் போன பறவை, நம் தோட்டத்துச் சாளைகளில் இன்றைக்கும் இறக்கையை உப்பிக்கொண்டு திரிகிறது. கால்நடைப் பல்கலைக்கழகத்தார் சென்னை நந்தனத்தில் நம் நாட்டுக் கறுப்பு வான்கோழியையும் அமெரிக்க வெள்ளையையும் கலந்து ‘நந்தனம் வான்கோழி 1’ என்று ஒரு ரகமே உருவாக்கியிருக்கிறார்கள். சேவல் ஏழெட்டு கிலோ வரும். சிக்கல் புகைப்பெட்டியில் வந்தது. கம்பெனிப் பின்பக்கம் கிடந்த சாயப் பீப்பாயை வெட்டிப் பெட்டி செய்யலாம் என்று மகன் சொன்ன அன்று வீட்டில் நடந்ததை அக்கம்பக்கத்தார் முழுவதும் கேட்டார்கள். “சாயப் பீப்பாயில சோறாக்கித் திங்கறதுக்கா உன்னயப் பெத்தேன்? நொய்யல் ஆத்துல விட்டது பத்தாதுன்னு வகுத்துக்குள்ளயும் விடப்போறியா?” பட்டறையில் சொல்லிப் புது இரும்புப் பெட்டி வந்தது. விறகுக்கு மாங்கட்டை, காங்கேயத்துத் தேங்காய்த் தொட்டி. பறவை முதல் நாள் ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறியது, மறுநாள் விடியற்காலையிலிருந்து மொட்டை மாடியில் புகைந்தது. எதிர்வீட்டுக்காரர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யலாமா என்று இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார்.

ராத்திரி பையர் வந்தார். கை கூப்பினார். பறவையைப் பார்த்து மிகவும் அழகாக இருக்கிறது என்றார். தாம் பத்து வருஷமாகப் பால்கூடத் தொடுவதில்லை என்றும் சொன்னார். வீட்டுப் பெரியவர்களுக்காக ஓரமாக ஆக்கி வைத்திருந்த அரிசிம்பருப்புச் சோற்றை நெய் இல்லாமல் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, விலையில் நயாபைசா ஏற்றாமல் ஓட்டலுக்குப் போய்விட்டார்.

மிஞ்சியிருந்தது பறவையும் பங்காளிகளும். ஆளுக்கொரு துண்டை மரியாதைக்கு வாயில் போட்டார்கள். பெரிய மாமன் நாலு தடவை மென்று, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தானுங் இருக்குது மாப்ளே. ஆனா கொழம்பு எங்கீங்?”

அதற்குப் பிறகு அந்தத் தட்டுப் பக்கம் யாரும் போகவில்லை. மகன் மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். மருமகள் வந்து, “அத்தே, இத வெளில கொடுத்துரலாங்களா?” என்று கேட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது. கம்பெனியில் கம்ப்யூட்டரில் மார்க்கர் போட்டுத் துணியில் அரைச் சதவீதம் மிச்சம் பிடிக்கிறவள் அவள்தான். ஆனால் வீட்டுக்கு வந்தால் சனிக்கிழமைதோறும் பிரிட்ஜைத் துடைத்துக் காலி செய்துவிடுகிற கட்சி. அந்தத் தலைமுறைக்குக் கோழியின் அருமை தெரியாது. பல்லடத்தில் கறிக்கோழிக் குழு பண்ணை விலையைத் தினம் அறிவிக்கிறது, இறங்கினால் இரண்டு கிலோ, ஏறினால் ஒரு கிலோ என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

முதலாளியம்மா பதில் சொல்லவில்லை. விளக்கைப் போட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு செக்கிங் டேபிளுக்கு நிற்பதுபோல நின்றாள். நெஞ்சுக்கறியை விரலால் அழுத்தினாள், நார் போகிற திசையில் கிழித்தாள், மோந்தாள். கொஞ்சம் வாயில் போட்டுக் கண்ணை மூடினாள்.

“அம்மிணி, இது வேறொண்ணுமில்ல. நம்ம உப்புக்கண்டந்தான். கொஞ்சம் ஈரமா இருக்குது, அவ்வளவுதான்.”

அங்கேதான் அவள் ஜெயித்தாள். உப்பும் மஞ்சளும் வரமிளகாயும் பிசறி, கயிற்றில் கோத்து, மாடியில் காக்காய்க்குக் காவல் இருந்து காய வைத்த கறி அவளுக்குத் தெரியும். ஓட்டு வீட்டு விறகடுப்புக்கு மேலே அந்தச் சரம் தொங்கிக் கறுத்ததும் தெரியும். புகையையும் உப்பையும் கறியையும் சேர்த்தால் என்ன வரும் என்று சொல்லிக்கொடுக்க அமெரிக்காவிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. உப்புக்கண்டம் ஆக்குகிறவர்களுக்கு ஒரே சட்டம்தான்: உப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, நீ போடாதே.

சாயப்பட்டறைக்காரர்களுக்கும் அதே சட்டம்தான் வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டபோது ஊரே ஸ்தம்பித்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று ஆன பிறகு, சாயத் தண்ணீரைச் சுத்திகரித்து, சுண்டக் காய்ச்சி, அதிலிருந்த உப்பையே மீட்டு மறுபடி சாயம் போட எடுத்துக்கொள்கிறார்கள். கோடிக்கணக்கில் செலவழித்து இயந்திரம் வைத்து அவர்கள் கற்றதை இவள் ஒரு வாய் ருசி பார்த்துச் செய்துவிட்டாள்.

ராத்திரியே கறியை எலும்பிலிருந்து உரித்து, லாட் பிரித்து, மூடி போட்டுப் பிரிட்ஜில் ஏற்றினாள். மறுநாள் உற்பத்தி.

எலும்பை அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டிக் குக்கரில் போட்டாள். மிளகு, சீரகம், மல்லி, பூண்டு, சின்ன வெங்காயம், நிறையத் தண்ணீர். உப்பு இல்லை. நெஞ்செலும்பு ரசம் வைக்கிற அதே முறை. மாடியில் எல்லோரையும் இருமவைத்த புகை, ரசத்தில் மிளகோடு சேர்ந்தபோது தொண்டைக்கு மருந்தாகிவிட்டது. அப்பாரு இரண்டு சொம்பு குடித்துவிட்டு, “இதுதான்டா கோழிச்சாறு” என்று பேரனுக்கு உபதேசம் செய்தார்.

நெஞ்சுக்கறிதான் தொந்தரவு பிடித்த சரக்கு. வான்கோழியின் நெஞ்சில் கொழுப்பு கிடையாது, இரண்டாம் தடவை சூடு காட்டினால் தென்னை நாராகும். அதை நூல் நூலாகப் பிய்த்துப் பள்ளிபாளையம் வறுவலாக மாற்றினாள். எண்ணெய் காய்ந்ததும் சின்ன வெங்காயம், விதை உதறிக் கிள்ளிய வரமிளகாய், கறிவேப்பிலை, கடைசியில் தேங்காய்ப் பல்லு. மசாலாத் தூள் எதுவும் இல்லை, பள்ளிபாளையத்தின் பெருமையே அதுதான். கறியைப் போட்டபின் அடுப்பை ஏற்றவில்லை. எலும்புச் சாற்றில் இரண்டு கரண்டி விட்டு மூடி, அது உறிஞ்சும் வரை மட்டும் வைத்திருந்து இறக்கிவிட்டாள்.

கால்கறி கறுப்பு, நரம்பு, கெட்டி. அது ஊற வைத்த கொள்ளோடு குக்கருக்குப் போய், பஞ்சாக வெந்து வந்தது. இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவின் தெற்கே கறுப்பின மக்களின் அடுப்படியிலும் புகை போட்ட வான்கோழிக் காலைக் கீரையோடும் பயறோடும் போட்டுத்தான் வேக வைக்கிறார்கள். பன்றிக்கறி வேண்டாமென்று ஒதுக்கியவர்கள் அந்த இடத்துக்கு இதைக் கொண்டுவந்தார்கள். லூசியானாவில் பண்டிகை முடிந்ததும் எலும்புக்கூட்டை வேக வைத்துக் கம்போ என்றொரு கெட்டிக் குழம்பு வைக்கிறார்கள். எங்கே போனாலும், மிச்சம் கைக்கு வந்தவள் தண்ணீரையும் தானியத்தையும்தான் தேடியிருக்கிறாள்.

மந்தப் புகையில் வெந்த தோல் ரப்பராக இருந்தது. அதைத் தோசைக்கல்லில் போட்டு மொறுமொறுப்பாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்து, கல்லில் உருகி நின்ற கொழுப்பில் நாலு தோசை வார்த்துவிட்டாள்.

விற்பனைதான் அவள் கலையின் உச்சம். காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சத்தை எப்படி விற்கிறார்கள்? லேபிளை வெட்டிவிட்டு. அவளும் அதையே செய்தாள். வான்கோழி என்ற வார்த்தை அன்று அந்த வீட்டில் உச்சரிக்கப்படவே இல்லை. வாழை இலை, சுடுசோறு, முதலில் கொள்ளு, பிறகு ரசம், ஓரத்தில் பள்ளிபாளையம். முந்தின ராத்திரி குழம்பு கேட்ட பெரிய மாமன் மூன்றாவது தடவை வாங்கும்போது கேட்டார்: “ஏனுங் தங்கச்சி, நாட்டுக்கோழி கடிக்கறதுக்குச் சொகமா இருக்குதே. எந்தத் தோட்டத்துதுங்?”

“தெரிஞ்சவங்க கொடுத்தாங்ணா” என்றாள்.

மகனுக்கு மட்டும் சந்தேகம். மாங்கட்டை வாசம் அவனுக்குத் தெரியாதா? “ஏம்மா, இது என்ற வான்கோழிதானே?”

“ஒன்றது நேத்தே தீந்துபோச்சு சாமி. இது என்றது.”

சாப்பிட்டு முடிந்தபிறகு மருமகள் செல்போனைப் பார்த்து ஒரு கதை சொன்னாள். 1953-இல் அமெரிக்காவில் ஸ்வான்சன் என்ற கம்பெனி, பண்டிகைக்கு எவ்வளவு விற்கும் என்று கணக்குத் தப்பி, 260 டன் வான்கோழியை வைத்துக்கொண்டு முழித்ததாம். குளிர்சாதன ரயில் பெட்டிகளில் ஏற்றி அங்கும் இங்கும் ஓட்டிக்கொண்டிருந்தார்களாம். கடைசியில் அலுமினியத் தட்டில் கறி, பட்டாணி, கிழங்கு என்று பங்கு வைத்து, டி.வி. பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்று விற்றுப் பணக்காரன் ஆனானாம். முழுக்க உண்மையா என்று அங்கேயே சண்டை உண்டு, ஆனால் அந்தத் தட்டு விற்றது நிஜம். முதலாளியம்மா கவனமாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் விசாரித்தாள்: “எலும்ப என்ன பண்ணுனானாம்?”

செல்போனில் அது இல்லை.

இவளைப் புகழ்ந்துகொண்டே போனால் முழுப்படம் ஆகாது. பிரிட்ஜில் ஒரு பொருள் எத்தனை நாளாக இருக்கிறது என்று இவளிடம் கேட்டால் பதில் வராது, முறைப்புத்தான் வரும். அமெரிக்க விவசாயத் துறை, சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வை, மூன்று நாலு நாளுக்குள் தீர்த்துவிடு என்கிறது. சித்திரை வெயிலில் நமக்கு அந்த இரண்டு மணி நேரமும் கிடையாது. இவளோ மூக்கை நம்புகிறவள். மூக்கு கெட்ட நாற்றத்தைச் சொல்லும், நாற்றமே இல்லாமல் வயிற்றைக் கெடுக்கிற கிருமியைச் சொல்லாது. 2012 மின்வெட்டில் பிரிட்ஜ் வெறும் பீரோவாக நின்ற காலத்திலும் இவள் எதையும் கொட்டியதாகச் சரித்திரம் இல்லை. அந்த வருஷம் அந்த வீட்டில் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு என்ற கணக்கு மட்டும் இவளுடைய நோட்டில் ஏறவில்லை.

இன்னொன்று, மிச்சத்திலும் மிச்சம் எப்போதும் இவள் வட்டலுக்குத்தான் வரும். எல்லோரும் எழுந்தபிறகு, வடச்சட்டியைச் சுரண்டிக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். “எனக்கு இதுதான் புடிக்கும்” என்பாள். பிடிக்குமா, பழகிவிட்டதா என்று யாரும் கேட்டதில்லை. வீட்டு ஆண்களுக்கு அந்தக் கேள்வி தோன்றாததில் ஆச்சரியம் இல்லை, அவர்கள் அதற்குள் ஏப்பம் விட்டுக் கம்பெனிக்குப் போயிருப்பார்கள்.

போலிகளும் உண்டு. நாலாம் நாள் குழம்பை வாட்ச்மேனுக்கும், புளித்த மாவைப் பாத்திரம் கழுவ வருகிற பெண்ணுக்கும் கொடுத்துவிட்டுத் தர்மம் செய்ததாக நினைத்துக்கொள்கிறவர்கள். அவர்கள் முதலாளியம்மாக்கள் இல்லை, வெறும் பணக்காரிகள். நம்மவள், தான் ஒரு வாய் போட்டுப் பார்க்காததை வாசல் தாண்டி அனுப்ப மாட்டாள். அன்றைக்கும் வாட்ச்மேனுக்கும் பிசிறு வெட்டுகிற இரண்டு பாட்டிகளுக்கும் போனது மாமன் இலைக்குப் போன அதே பள்ளிபாளையம்தான், அதே சூட்டில்.

மறுவருஷமும் மகன் பெட்டியைத் துடைத்து மாடிக்கு ஏற்றினான். இந்தத் தடவை பையர் யாரும் வரவில்லை. ஆனாலும் இரண்டு பறவை வாங்கி வரச் சொல்லி அம்மாவே பணம் கொடுத்தாள். புகை போட்ட அன்று தட்டுப் பக்கம் யாரும் போகவில்லை, அடுத்த நாள் பந்தியில் இடமில்லை.

உங்கள் வீட்டுக்கும் இந்தப் பறவை வந்து, அரைவாசி மிஞ்சிப்போனால், பயந்து கொட்டிவிடாதீர்கள். எலும்பைப் பிரித்து, கறியை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். வேண்டிய அளவை மட்டும் எடுத்து, ஆவி பறக்கிற வரைக்கும் ஒரே தடவை சூடாக்குங்கள். யாரிடமும் பெயரைச் சொல்லாதீர்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். பெரும்பாலும் போட வேண்டியிருக்காது.